ஒரு கத்தி எதற்காக?

தியானப் பகுதி: ஏசாயா 2:1–5, லூக்கா 22:35–51



இந்த வாரத் தியானத்தின் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். கத்தியைப் பற்றி எழுதுகிறேன். வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி இப்படிக் கேட்டார்: "ஐயா, நடுகல் வீரன் கையில் இருக்கிறதே, அதைப்போன்ற ஒரு குறுவாளை நம் ஊர்ப் பட்டறையில் சொல்லிச் செய்து வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். அதில் தவறு உண்டா?" அவர் ஒருவருடைய ஆசை மட்டுமன்று இது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2015இல் தொடங்கிய 'ஃபோர்ஜ்டு இன் ஃபயர்' என்னும் போட்டியில் பழங்காலத்து வாள்களையும் குத்துவாள்களையும் புதிதாய் அடித்து உருவாக்குகிறார்கள். அதன் காட்சிகள் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் ஓடுகின்றன.

"அது பாவம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். "கலைதானே, செய்துகொள்" என்று ஒரே சொல்லில் விட்டும்விடலாம். இரண்டுமே சிந்திக்கும் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு நடப்பதாகும். கேட்ட தம்பிக்கும் உங்களுக்கும் சற்று விரிவான பதில் தர விரும்புகிறேன்.

நம் மண்ணும் இரும்பும்

இரும்பின் மேல் உண்டாகும் ஆசை இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று. 2004 வரை நம்மோடு ஒரே மாவட்டமாயிருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில் மயிலாடும்பாறை என்னும் இடம் உண்டு. அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதாக 2022ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது. வேத அறிஞர் பலர் ஆபிரகாமுக்குக் குறிக்கும் காலத்தை ஒட்டியது அது. தெற்கே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவின் அந்த உருக்கு கடல் கடந்து புகழ்பெற்றது. அதன் இரகசியத்தை அறிய 1819இல் இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே ஆய்வு செய்து கட்டுரை எழுதினார். மின்சாரத்தைப் பற்றிய பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் அதே ஃபாரடேதான்.

வேதமும் கொல்லனை மறக்கவில்லை. ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்திலேயே இரும்புவேலை செய்த தூபால்காயீனின் பெயர் வருகிறது. ஆசரிப்புக் கூடாரத்துக்காக உலோகத்தில் வேலைசெய்த பெசலெயேலின் திறமை தேவ ஆவியானவரால் அருளப்பட்டது என்று யாத்திராகமம் 31 கூறுகிறது. கரியை ஊதிக் கருவியைப் படைக்கும் கொல்லனையும் தாமே உண்டாக்கினதாகக் கர்த்தர் ஏசாயா 54:16இல் சொல்லுகிறார். ஆகவே கையால் ஒரு கத்தியைச் செய்ய விரும்புவதும், அதன் அழகில் மகிழ்வதும் தம்மளவில் குற்றமல்ல. படைக்கும் கை, படைத்தவர் தந்த கை.

உலையில் நடப்பது

கத்தியை விரும்புகிறவன் முதலில் பட்டறையில் அரைநாள் நிற்கவேண்டும் என்பேன். இன்று பெரும்பாலும் பழைய லாரி பட்டைதான் கத்திக்கான எஃகாகிறது. அதைத் துண்டாக்கிக் கரியுலையில் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். முன்பு துருத்தி ஊதிய இடத்தில் இப்போது மின்விசிறி ஊதுகிறது. சிவந்த துண்டைக் குறடால் பற்றிப் பட்டறைக்கல்லின் மேல் வைத்து, மூத்த கொல்லர் சிறு சுத்தியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார். எதிரே நிற்பவர் அந்த இடத்திலேயே சம்மட்டியை இறக்குகிறார். வலிமை சம்மட்டியில் இருக்கிறது. எங்கே விழவேண்டும் என்ற அறிவோ சுத்தியில் இருக்கிறது.

வடிவம் வந்தபின் அரத்தால் ராவி, மறுபடியும் காய்ச்சி, சரியான நிறம் வந்த நொடியில் எண்ணெயிலோ நீரிலோ தோய்க்கிறார்கள். அந்த நொடியில் எஃகு கடினமாகிறது. பலர் அத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படி விட்டால் அந்தக் கத்தி கண்ணாடியைப் போல நொறுங்கும். கல்லில் ஒருமுறை பட்டாலே விளிம்பு சிதறும். ஆகையால் மீண்டும் மெல்லிய சூட்டில் அதைப் பதப்படுத்துகிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகின் மேல் ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறம் தோன்றும். 300ஐ நெருங்கும்போது நீலம் படரும். கொல்லர் அந்த நிறத்தைப் பார்த்தே நிறுத்துகிறார். இதில் எஃகு தன் கடினத்தில் கொஞ்சத்தை இழக்கிறது. பதிலாக, உடையாமல் தாங்கும் உரத்தைப் பெறுகிறது.

சபையாரே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வீரம் என்றால் கடினம் என்று நம் பிள்ளைகளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். குரலில் கடினம், மீசையில் கடினம், கைப்பேசியில் வைக்கும் படத்தில் கடினம். கொல்லரோ கடினம் மட்டும் உள்ள கத்தியை விற்கத் துணியமாட்டார். அது முதல் வேலையிலேயே உடையும் என்று அவருக்குத் தெரியும். ஆவியின் கனிகளில் சாந்தமும் இச்சையடக்கமும் இடம்பெறுவது இதனால்தான். அவை வலிமையின் குறைவு அல்ல. வலிமை உடைந்துபோகாதபடி தேவன் வைக்கும் பதம்.

வேதத்தில் மூன்று கத்திகள்

தனக்கென்று அளவு வைத்துக் கத்தி செய்துகொண்ட ஒரு மனிதனை வேதத்தில் தேடினால் நியாயாதிபதிகள் 3:16இல் ஏகூத்தைக் காண்கிறோம். முழ நீளம், இரண்டு பக்கமும் கூர், வலது தொடையில் மறைவு என்று வேதம் அதன் விவரத்தையே கொடுக்கிறது. இடதுகைப் பழக்கமுள்ளவனுக்கு ஏற்ற வடிவமைப்பு அது. அந்தக் கத்தி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்தது. தேசம் எண்பது வருடம் அமர்ந்திருந்தது. அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் மறுபடியும் ஒடுக்குதல், மறுபடியும் யுத்தம். வேதம் ஏகூத்தின் கதையை மறைக்கவில்லை. அந்த வழி நிலைக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டாவது கத்தி கெத்செமனேயில் பேதுருவின் கையில் இருந்தது. சுவிசேஷகர் அதற்கு வழங்கும் கிரேக்கச் சொல் 'மகைரா'. சிறு வாளையும் பெரிய கத்தியையும் குறிக்கும் சொல் அது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் மோரியா மலைக்கு ஆபிரகாம் எடுத்துச்சென்ற கத்திக்கும் அதே சொல்தான். "பட்டயம் இல்லாதவன் வாங்கிக்கொள்ளட்டும் என்ற பொருளில் இயேசுவே அன்றிரவு பேசினாரே" என்று சிலர் லூக்கா 22:36ஐக் காட்டுவார்கள். தொடர்ந்து படியுங்கள். பதினொரு பேருக்கு இரண்டு பட்டயங்கள் இருக்கின்றன என்றபோது அது போதும் என்று பேச்சை முடித்துவிட்டார். படை திரட்டுகிறவரின் கணக்கு அதுவல்ல. சில மணி நேரத்துக்குள் பேதுரு அதை வீசியபோது உறையில் போடச் சொன்னார். மல்குஸின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். சிலுவைக்கு முன் நம் ஆண்டவர் செய்த கடைசி சுகமாக்குதல், தம்முடைய சீஷனின் கத்தி உண்டாக்கிய காயத்தை ஆற்றியதே. இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

மூன்றாவது கத்தியைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அது ஏசாயா 2:4இல் இருக்கிறது. மீகா 4:3இலும் அதுவே வருகிறது. ஜனங்கள் பட்டயங்களை உழவுக்கருவிகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் மாற்றும் நாளைத் தீர்க்கதரிசி காண்கிறார். அரிவாள் என்று நம் வேதாகமம் தரும் எபிரெயச் சொல் 'மஸ்மேரோத்'. திராட்சைக் கொடியைக் கழித்துவிடும் வளைந்த சிறு கத்தி அது. தீர்க்கதரிசி கத்தியை ஒழிக்கவில்லை. அவருடைய சமாதான தரிசனத்தில் தோட்டக்காரனின் கையில் கூர்மையான ஒரு கத்தி இருக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள்: அந்தப் பட்டயங்களை அவர்கள் தூக்கி எறிவதில்லை, அடித்து உருமாற்றுகிறார்கள். சமாதானத்துக்கும் உலையும் கரியும் சம்மட்டியும் வேர்வையும் வேண்டும்.

யோவேல் 3:10இலோ இதற்கு நேர்மாறான கட்டளையைக் கேட்கிறோம். அங்கே உழவுக்கருவி வாளாகிறது. அதே இரும்பு, அதே உலை, அதே கொல்லன். எந்தத் திசையில் அடிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உலை அல்ல. வேலையைச் சொல்லிவிட்டு முன்பணம் கொடுத்துப் போகிறவனின் இருதயம்.

நடுகல் எதை நினைவுகூர்கிறது?

தம்பி ஆசைப்பட்ட வடிவம் நடுகல்லிலிருந்து வந்தது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போயிருப்பீர்கள். ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்தி, அம்பு தைத்த உடலோடு நிற்கும் வீரர்களைக் கண்டிருப்பீர்கள். வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டும் வீரனின் பெயரும் அவன் இறந்த காரணமும் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் காரணம் மாடுதான். ஆநிரையைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு.

ஆனால் அந்தக் கல் வாளுக்காக நடப்பட்டதன்று. வாள் ஆயிரம் பேரிடம் இருந்தது. கல் சிலருக்கே கிடைத்தது. திரும்பி வராத ஒருவனுக்காக, வீட்டில் காத்திருந்தவர்கள் நிறுத்திய கல் அது. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வரைக் கடித்துத் தன் தலைவனின் பக்கத்திலேயே நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. கையில் வாளே பிடிக்க முடியாத ஓர் உயிருக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக இந்த மண்ணில் நினைவுச்சின்னம் நிற்கிறது. ஆயுதத்தைப் பார்த்தல்ல, விட்டுவிலகாத உண்மையைப் பார்த்தே நம் முன்னோர் அங்கே கல் நட்டார்கள்.

நம் தகடூரின் அதியமானையும் நினைத்துப் பாருங்கள். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதைப் புறநானூறு பேசுகிறது. தொண்டைமானின் படைக்கருவிகள் அலங்காரத்தோடு மின்னின. அதியமானுடையவை முனை முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடந்தன. பயன்படாத பளபளப்பை ஔவை நாசூக்காக எள்ளினார் என்று பள்ளியில் படித்தோம். அதில் உண்மை உண்டு. எனினும் வரலாறு அங்கே நிற்கவில்லை. பின்னர் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். தகடூரை எறிந்தவன் என்பதே அவனுக்குப் பட்டமாயிற்று. மின்னிய வாள் ஒரு பக்கம், தேய்ந்த வாள் ஒரு பக்கம். இறுதியில் தகடூரை இரண்டும் காக்கவில்லை. அந்தத் தூதில் என் உள்ளத்தைத் தொடுவது ஆயுதங்களல்ல. இரண்டு அரசருக்கு நடுவே வெறுங்கையோடு நடந்துபோன மூத்த பெண்மணி.

இன்று நம் நடுவில்

இதெல்லாம் பழங்கதை என்று கடந்துபோக முடியவில்லை. 2018 பிப்ரவரியில் சென்னைப் புறநகரில் ரவுடி ஒருவரின் பிறந்தநாளில் அரிவாளால் கேக் வெட்டினார்கள். காவல்துறை சுற்றிவளைத்துப் பலரைக் கைது செய்தது. அதன்பின் அந்த வழக்கம் நின்றதா? படம் பிடித்துப் பகிர்ந்து, அதன்பின் காவல் நிலையத்தில் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றிய செய்தி இன்றும் வந்துகொண்டேயிருக்கிறது. 2021இல் கத்தி, அரிவாள் செய்வோரும் விற்போரும் வாங்குகிறவரின் பெயரையும் முகவரியையும் வாங்கும் காரணத்தையும் எழுதிவைக்கவேண்டும் என்று தமிழகக் காவல்துறை அறிவுறுத்தியது.

நாட்டின் ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. அதன் விதிகள் வாளையும் குத்துவாளையும் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியையும் அப்படியே வைக்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என வடிவமைக்கப்பட்ட கத்திகளையோ விலக்கிவைக்கின்றன. சட்டம்கூட நம் கேள்வியையே கேட்கிறது: இந்தக் கத்தி எதற்காகச் செய்யப்பட்டது?

நம் மாவட்டம் பகையின் விலையை அறிந்த மாவட்டம். 2012 நவம்பரில் நத்தம் காலனியில் எரிந்த வீடுகளை நாம் மறக்கவில்லை. நடுகல் வீரனைத் தன் சாதிக்கு மட்டும் உரியவனாக்கி, அவன் கை வாளைத் தன் சாதியின் பெருமையாக்கும் பேச்சு நம் பிள்ளைகளின் காதுகளிலும் விழுகிறது. அந்தப் பேச்சோடு ஒரு பிள்ளை குறுவாள் செய்யச் சொன்னால், இரும்பு உலையில் சிவக்குமுன்னே அவன் உள்ளத்தில் ஒன்று சிவந்துவிட்டது. மத்தேயு 5இல் நம் ஆண்டவர் கொலையைப் பற்றிப் பேசும்போது கையிலிருந்து தொடங்கவில்லை, கோபத்திலிருந்து தொடங்கினார்.

என் கருத்து

ஆகையால் கேட்ட தம்பிக்கு என் பதில் இது. போர்க்குறுவாளின் நகலைச் செய்யவேண்டாம். கையால் செய்த ஒரு நல்ல கத்தியைச் செய்துகொள்ளுங்கள்.

"சுவரில் மாட்டிவைக்கத்தானே, அது நம் பாரம்பரியம்" என்று சொல்வீர்கள். பாரம்பரியத்தைப் பேணும் உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். அந்தப் பாரம்பரியம் அகழ்வைப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. வயல் ஓரங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் நடுகற்களிலும் இருக்கிறது. ஒரு கல்லைச் சுற்றியுள்ள முள்ளை வெட்டித் துப்புரவாக்குங்கள். கல்வெட்டின் செய்தியை ஊர்ப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சுவரில் தொங்கும் குத்துவாளோ, வீட்டில் ஒருநாள் கோபம் மூளும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

நடுகல்லின் அந்த அழகிய வளைவு மனதை விட்டு நீங்கவில்லையா? அதை வேலைக்கத்தியில் கொண்டுவாருங்கள். பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டைக் கிளை வெட்ட ஒரு கத்தி வேண்டும். மாந்தோப்பில் கவாத்து செய்ய ஒன்று வேண்டும். புளியம்பழம் உடைத்துக் கொட்டை எடுக்கும் நம் சகோதரிகளுக்குக் கையில் வலிக்காத பிடியுள்ள கருவி வேண்டும். உங்கள் தாயார் ஆண்டுக்கணக்கில் மழுங்கிய கத்தியால் காய் அரிகிறார் என்றால், உங்கள் கலையார்வம் அந்த அடுக்களையிலிருந்து தொடங்கட்டும். இரும்பு மழுங்கினால் அதிக பலத்தைச் செலவழிக்க நேரும் என்ற பிரசங்கியின் ஞானம் (10:10) அவர் கையில் தினமும் வலியாகிறது.

கொல்லருக்கு உரிய கூலியை முழுதாகக் கொடுங்கள். சவுலின் நாட்களில் இஸ்ரவேலில் கொல்லன் இல்லாமற்போனதையும், உழவுக்கருவியைத் தீட்டக்கூடப் பெலிஸ்தரிடம் போகவேண்டியிருந்ததையும் 1 சாமுவேல் 13 சொல்கிறது. அங்கே வரும் 'பிம்' என்னும் எபிரெயச் சொல்லின் பொருள், நம் தமிழ் வேதாகமம் மொழிபெயர்க்கப்பட்ட காலத்தில் யாருக்கும் தெரியாது. பின்னர் அந்தப் பெயர் பொறித்த எடைக்கற்கள் தேசத்தில் கிடைத்தன, ஏறத்தாழ 7.6 கிராம், ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. கருவியைத் தீட்ட அத்தனை வெள்ளியைக் கூலியாகக் கொடுத்தார்கள் என்று விளங்கிற்று. கொல்லனை இழந்த ஊர் அதன் விலையை வேறோர் ஊரில் செலுத்துகிறது. நம் கிராமங்களில் பட்டறைகள் ஒவ்வொன்றாய் அணைந்துவருகின்றன. கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பட்டறையில் பேரம் பேசுகிற விசுவாசி தன் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இவை நடக்கக்கூடியவையா என்று கேட்பீர்கள். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் தேசத்தைப் பாருங்கள். 1977 முதல் 1992 வரை அங்கே உள்நாட்டுப் போர். போர் முடிந்தும் துப்பாக்கிகள் வீடுகளிலும் வயல்களிலும் புதைந்திருந்தன. 1995இல் ஆங்கிலிக்கன் பேராயர் டினிஸ் செங்குலானே முன்னின்று, அந்நாட்டுக் கிறிஸ்தவ சபைகளின் மன்றம் ஒரு பணியைத் தொடங்கிற்று. ஆயுதத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தவர்களுக்குத் தையல் இயந்திரமும் மிதிவண்டியும் உழவுக்கருவியும் கொடுத்தார்கள். வெட்டப்பட்ட துப்பாக்கித் துண்டுகளைக் கொண்டு அந்நாட்டுக் கலைஞர்கள் செய்த ஜீவ மரம் ஒன்று இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். ஏசாயாவின் வாக்கியத்தைச் சிலர் சுவரில் எழுதுகிறார்கள்; அவர்கள் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட இரும்பு உண்டு. தாத்தா காலத்து வாள், எவரையோ பயமுறுத்த வாங்கிய நீளமான அரிவாள், வாகனத்தின் இருக்கைக்கடியில் "எதற்கும் இருக்கட்டும்" என்று வைத்திருப்பது. பழைய வாளின் வயதையும் சட்டத்தையும் அறிந்தோரிடம் கேட்டு, அதற்குரிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். மற்றவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே கொல்லரிடம் போங்கள். களைக்கொத்தாகவோ கதிர் அரிவாளாகவோ அடித்துத் தரச் சொல்லுங்கள். அறுப்பின் பண்டிகையில் முதற்பலனோடு அந்தக் கருவியையும் ஆலயத்துக்குக் கொண்டுவந்தால், அதற்காகவும் நாம் ஸ்தோத்திரம் செலுத்துவோம்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் கைகளுக்குத் திறமை தந்தவர் நீரே. எங்கள் பிள்ளைகளின் கைகளைக் காத்தருளும். கடினப்பட்ட எங்கள் உள்ளங்களை உம் அன்பின் சூட்டில் பதப்படுத்தும். பட்டறைகளில் உழைப்போரின் அப்பத்தை ஆசீர்வதியும். காயப்படுத்தவன்றி, கனிகொடுக்க எங்கள் கூர்மையைப் பயன்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம். ஆமென்.